மந்தினுக்குச் சத்தமில்லாமல் போவது எப்படி

ஒரு மனிதன் தன் மனைவியின் காதில் விழாமல் நாலு மைல் போய்வர முடியவேண்டும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மே மாதம் நான் எடுத்த தீர்மானம் இது. அந்தக் காலத்தில் மலாயாவில் ஆளாளுக்குத் தீர்மானம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரனை விரட்டுவது என்று தீர்மானித்தார்கள். வெள்ளைக்காரன் அவர்களைப் பட்டினி போடுவது என்று தீர்மானித்தான். இரண்டு தீர்மானத்துக்கும் நடுவில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களைச் சுற்றி எட்டடி உயர முள்கம்பி வேலி முளைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் காலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். சார்டின் டின்னைக் கடையிலேயே ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், காட்டுக்குப் போய்ச் சேராமல் கெட்டுப்போகட்டும் என்று.

என் தீர்மானம் இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. அது பஞ்சாலைக்கு எதிரானது.

பஞ்சாலை என் மனைவி. என் பெயர் திருநாவுக்கரசு. நாவுக்கே அரசனாக இருக்கட்டும் என்று அப்பா ஆசையாக வைத்தார். ஆட்சி வேறிடத்தில் நடக்கிறது.

வேலியைச் சுற்றி இரவு முழுக்க விளக்கு எரியவேண்டும் என்பது போலீஸ் உத்தரவு. விளக்கு எரிய இஞ்சின் ஓடவேண்டும். இஞ்சின் ஓட ஒரு ஆள் விழித்திருக்கவேண்டும். அந்த ஆள் நான். ஆறு முதல் ஆறு வரை, ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், நானும் ஒரு டீசல் இஞ்சினும். பன்னிரண்டு மணி நேரமும் அதுதான் பேசும். ஒரே வார்த்தையைப் பேசும். காலையில் அதை நிறுத்தும்போது காதுக்குள் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் யாராவது நாலு வார்த்தை போட்டால் தேவலை என்று இருக்கும். போடாவிட்டால் படுத்தாலும் தூக்கம் வராது. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, பிறந்தது முதல் செய்த தப்புகளை வரிசையாக எண்ணிக்கொண்டு கிடப்பேன்.

அந்த நாலு வார்த்தை கிடைக்கும் இடம் மந்தின். அங்கே ஹைனான் சீனர் கோப்பிக்கடையில் நான் தமிழ்ப் பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன். லோரி ஓட்டிகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இரண்டே வருஷம் பள்ளிக்கூடம் போனவன் நான். மிச்சம் எல்லாம் இஞ்சின் வெளிச்சத்தில் நானே படித்தது. ஆனால் கொரியாவில் சண்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நான் சொல்லித்தான் மந்தினுக்குத் தெரியும். "இருங்கலா, இஞ்சின்காரர் சொல்லட்டும்," என்பார்கள். ஒரு மணி நேரம். ஒரு கறுப்புக் கோப்பி. அப்புறம் வந்து படுத்தால் தூக்கம் வரும்.

இதற்காகத்தான் கார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஜோசப்ராஜ், மந்தின் மலைச் சடக்கில் போன ஒரு வண்டியைச் சுட்டார்கள் என்று கேள்விப்பட்ட மறுநாளே, காரை என் தலையில் கட்டிவிட்டு ரயிலேறி ஊர் மாறிப் போனார். ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதற்கு முந்திய கார். கறுப்பு. கதவு நாலு. அதில் திறப்பது இரண்டு. ஆனால் ஓடும்.

ஒரே ஒரு குறை. சத்தம்.

சாதாரணச் சத்தம் இல்லை. ஒரு தகர டின்னில் ஐம்பது பேர் கரண்டியைப் போட்டுக் கிண்டுகிற சத்தம். நான் கொட்டகை வாசலில் ஸ்டார்ட் செய்தால் லயத்தில் கோழி எழுந்துவிடும். கேட்டில் காவல் நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நல்லசாமி, கார் கண்ணில் படுவதற்கு முன்பே மூங்கில் தடுப்பைத் தூக்கிவிட்டு நிற்பான். பக்கத்து வீட்டு முத்தாயி நாலாம் நம்பர் தீம்பாரில், அதாவது இரண்டு மைல் தள்ளி ரப்பர் மரங்களுக்கு நடுவில், பால் வெட்டிக்கொண்டு இருப்பாள். மத்தியானம் வந்து சொல்வாள்: "அண்ணன் இன்னைக்கு லேட்டா கிளம்புனாப்புல இருக்கு."

முத்தாயிக்கே கேட்டால் பஞ்சாலைக்கு?

"இன்னைக்கு ரெண்டு கோப்பியா?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கு ஒரு மணி நேரம். இன்னைக்கு ஒண்ணரை ஆச்சு."

"நீ என்ன கடிகாரம் பாத்துக்கிட்டா இருந்த?"

"கடிகாரம் எதுக்கு? கடகடன்னு போனீங்க. உலை வச்சேன். சோறு வடிச்சேன். கோழிக்குப் போட்டேன். வெறகு இல்லன்னு நானே பொளந்தேன். அப்பறம் கடகடன்னு வந்தீங்க. அதுக்குள்ள ஒண்ணரை மணி நேரம் போவாதா?"

"கார் ஓடலன்னா பேட்டரி செத்துரும், பஞ்சால. அதான் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வரேன்."

"பேட்டரி கோப்பி குடிக்குமா?"

இப்படித் தினமும். அவள் சொன்னதில் விறகு என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் நின்றது. ஆக, விறகுக்காகத்தான் என்னைப் பிடித்துவைக்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். சத்தம் போய்விட்டால் நான் எப்போது போனேன், எப்போது வந்தேன் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. இஞ்சின் கொட்டகையில் எண்ணெய் மாற்றினேன், நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மந்தின் என்னுடையது.

என்னிடம் ஒரு மோட்டார் புத்தகம் இருந்தது. தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது குப்பையில் போட்டது. அட்டை கிடையாது. முப்பத்தோராம் பக்கம் முதல் நாற்பது வரை கரையானுக்குப் போய்விட்டது. மிச்சத்தை அகராதி வைத்துக்கொண்டு நாலு ராத்திரி படித்தேன். சத்தத்தின் விலாசம் கிடைத்துவிட்டது.

இஞ்சினுக்கு அடியில் ஒரு தண்டு சுற்றுகிறது. அதற்கு மேலே இன்னொரு தண்டு சுற்றவேண்டும். இரண்டும் தனித்தனியே தன் இஷ்டத்துக்குச் சுற்றினால் இஞ்சின் நாசம். அதனால் இரண்டின் முனையிலும் பல் சக்கரம் வைத்து, ஒரு சங்கிலியால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதற்கு டைமிங் செயின் என்று பெயர். அந்தச் சங்கிலி தொய்ந்து ஆடாமல் இருக்க, நாக்கு மாதிரி ஒரு துண்டு பக்கத்திலிருந்து அமுக்கிக்கொண்டே இருக்கும். அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். அதுதான் டென்ஷனர். என் காரில் அந்த நாக்கு தேய்ந்துபோய்விட்டது. சங்கிலி ஆடி ஆடி மூடியில் அடிக்கிறது. இவ்வளவுதான். புது நாக்கு போட்டால் பேச்சு நின்றுவிடும்.

பஞ்சாலையிடம் ராஜதந்திரமாகப் பேசினேன்.

"காருக்கு ஆபத்து. டைமிங் செயின் தொய்ஞ்சு போச்சு. டென்ஷனர் மாத்தணும். விட்டா ஒரு நாள் இஞ்சினே போயிரும்."

"யாரு மாத்தப் போறா?"

"நான்தான்."

என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "கூரைத் தகரம் ரெண்டு வருசமா ஒழுவுது."

"அது கூரை. இது இஞ்சின்."

"மாத்துனா சத்தம் போயிருமா?"

நான் உஷாரானேன். "சத்தமா? அத நான் நெனைக்கவே இல்ல. போனாலும் போவும்."

"ஓ," என்றாள் பஞ்சாலை.

அந்த ‘ஓ’வை நான் அன்றைக்கே கழற்றிப் பார்த்திருக்கவேண்டும். காரைக் கழற்றுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை லயத்துக் கோடியில் காரை நிறுத்தி ஆரம்பித்தேன். ரேடியேட்டர் வந்தது. விசிறி வந்தது. பெல்ட் வந்தது. முன்பக்கத்துப் பெரிய நட்டு மட்டும் வரமாட்டேன் என்றது. அதற்கு இரண்டு நாள். புதன்கிழமை அது வந்தபோது நானும் அதோடு சேர்ந்து பின்னால் போய் விழுந்தேன். ராத்திரி வேலை, பகலில் இது. தூக்கம் கிடையாது. யாராவது பேசினால் பேச்சு முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குக் கேட்டது.

கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையில் ஒரு சாக்கின் மேல் வைத்தேன். புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம் ஆரம்பமே ‘மற்றவற்றைக் கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் மாட்டவும்’ என்று இருந்தது. ‘மற்றவை’ என்றால் எவை என்பது கரையானுக்குத்தான் தெரியும். ஆகவே அந்தச் சாக்குதான் என் உயிர்.

வியாழக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன். சாக்கு பளபளவென்று இருக்கிறது. நட்டுகள், போல்ட்டுகள், வளையங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் குளித்துவிட்டு, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க நிறுத்திய மாதிரி உயர வரிசையில் நிற்கின்றன.

"பஞ்சால, இத யாரு தொட்டது?"

"நான்தான். அழுக்கா கெடந்துச்சேன்னு கழுவி அடுக்குனேன்."

"இதுக்கு ஒரு வரிசை இருந்துச்சே."

"இப்பவும் வரிசையாத்தானே இருக்கு?"

"எதுக்கப்பறம் எது வந்துச்சுங்கற வரிசை. அது போச்சு. எல்லாம் போச்சு."

"போவல. கழுவும்போது மனசுல வச்சிக்கிட்டேன். கேளுங்க, சொல்றேன்."

நான் கேட்கவில்லை. ஆண்பிள்ளைக்கு ஒரு மானம் உண்டு. எனக்கு அது பதினோரு மணி வரை இருந்தது. அப்புறம் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே புது டென்ஷனர் வந்து சேர்ந்தது. சிரம்பானில் ஒரு சாமான் கடையிலிருந்து பஸ் கண்டக்டர் மூலமாக. கொண்டுவந்தது நல்லசாமி. தோளில் துப்பாக்கி, கையில் பேப்பர் சுருள், முகத்தில் கவலை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கேட்ல பிரிச்சுப் பாத்தேன். ஸ்பிரிங் இருக்கு. கொக்கி மாதிரி இரும்பு இருக்கு. இது துப்பாக்கி சாமான் இல்லன்னு நான் எப்புடித் தெரிஞ்சிக்கிறது? சார்ஜன்ட்டுக்கு ரிப்போர்ட் போவணும்."

"இது காருக்குப்பா. டைமிங் செயின் டென்ஷனர்."

"அந்தப் பேர எழுதுனா இன்னும் சந்தேகப்படுவாங்க அண்ணே."

சார்ஜன்ட்டிடம் போனால் அந்த நாக்கு ஆறு மாசத்துக்கு வெளியே வராது. ஒருவேளை நானும். பஞ்சாலை முறத்தோடு எழுந்து வந்தாள்.

"தம்பி, இவரு துப்பாக்கி செய்யற ஆளா? நல்லா பாத்துச் சொல்லு."

நல்லசாமி என்னைப் பார்த்தான். கன்னத்தில் கிரீஸ். முழங்கையில் கட்டு. காலில் ஒரு செருப்பு. நிதானமாக, ஒரு முழு நிமிஷம் பார்த்தான். பிறகு சுருளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இதில் நான் சந்தோஷப்படவேண்டுமா, வருத்தப்படவேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைதான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது.

கீழே உள்ள சின்னச் சக்கரத்தில் ஒரு புள்ளி உண்டு. மேலே உள்ள பெரிய சக்கரத்தில் ஒரு புள்ளி உண்டு. சங்கிலியை மாட்டும்போது இரண்டு புள்ளியும் ஒன்றை ஒன்று முகம் பார்க்கவேண்டும். பார்த்தன. மாட்டினேன். சரியாக இருக்கிறதா என்று கைப்பிடியைப் போட்டு இஞ்சினை ஒரு சுற்று சுற்றினேன். சின்னச் சக்கரத்துப் புள்ளி சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்து நின்றது. பெரிய சக்கரத்துப் புள்ளியைக் காணோம். தேடினால், அது மேலே எங்கோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தப்பாக மாட்டிவிட்டேன் என்று சங்கிலியைக் கழற்றினேன். திரும்பப் புள்ளிகளை முகம் பார்க்கவைத்தேன். மாட்டினேன். சுற்றினேன். மறுபடியும் வானம். வெள்ளிக்கிழமை ஐந்து தடவை. சனிக்கிழமை ஏழு. சக்கரம் என்னை ஏமாற்றுகிறதா, தூக்கம் ஏமாற்றுகிறதா, புத்தகம் ஏமாற்றுகிறதா என்று விளங்கவில்லை. ஒரு கட்டத்தில் புள்ளி இரண்டும் எனக்குப் பின்னால் பேசிக்கொள்கின்றன என்று தோன்றியது.

பதின்மூன்றாவது தடவையும் மாட்டிச் சுற்றி வானத்தைப் பார்த்துவிட்டு, கழற்றுவதற்காக இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பஞ்சாலை வந்தாள்.

"என்னாங்க, ஆபீஸ்ல ஒரு வேல இருக்காம்."

"உம்."

"காலைல மட்டும்தான். அஞ்சரைல இருந்து ஏழரை வரைக்கும்."

"உம்."

"போவட்டுமா?"

காலை என்ற வார்த்தை அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது. ஐந்தரை முதல் ஏழரை. நான் மந்தினுக்குப் போய்வருவது அதற்குள்தான். பஞ்சாலை வீட்டிலேயே இருக்கமாட்டாள். சத்தமும் இருக்காது, கேட்கிற காதும் இருக்காது. தெய்வம் ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் கதவைத் திறக்கிறதே என்று மேலே பார்த்தேன். ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"தாராளமா போ. நான் என்னைக்கு உன்னத் தடுத்திருக்கேன்?"

"புருசன் சம்மதம் வேணுமாம். ஆபீஸ் கிராணி தாள் குடுத்திருக்காரு. ஒரு கையெழுத்துப் போடுங்க."

"கைய விட்டா சங்கிலி நழுவிரும்."

"விடாதீங்க. பெருவெரல மட்டும் இப்புடி நீட்டுங்க. போதும்."

கையெழுத்துப் போடத் தெரிந்தவன் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அன்றைக்குக் கறுப்பு கிரீஸில் கைநாட்டு வைத்தேன். அவள் தாளை ஊதி மடித்து இடுப்பில் செருகினாள். போகவில்லை. இஞ்சினுக்குள் குனிந்து பார்த்தாள்.

"பெரிய சக்கரத்துல எத்தன பல்லு?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

அவளே விரலை வைத்து எண்ணினாள். சின்னதையும் எண்ணினாள். "பெரிசுல சரியா ரெண்டு பங்கு பல்லு இருக்கு. சின்னது ஒரு சுத்து வந்தா பெரிசு அரைச் சுத்துத்தானே வரும்? அதான் மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு நிக்குது."

"அதனால?"

"அதனால இன்னொரு சுத்து சுத்துங்க."

சுற்றினேன். பெரிய சக்கரத்துப் புள்ளி மெதுவாக இறங்கி வந்தது. சின்னதற்கு நேரே முகம் பார்த்து நின்றது. பன்னிரண்டு தடவை நான் சரியாக மாட்டியதைப் பன்னிரண்டு தடவை கழற்றியிருக்கிறேன்.

"ஒரு சுத்துல வரலன்னா ஒடனே பிச்சுப் போட்டுறதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒன்று இரண்டு சுற்று ஓடினால் மற்றது ஒரு சுற்று. எங்கள் வீட்டில் யார் சின்னச் சக்கரம் என்று யோசித்தேன். பதில் பிடிக்கவில்லை. நாக்கை எடுத்து மாட்டினேன். ஸ்பிரிங் அதைத் தள்ளியது. சங்கிலி விறைத்துக்கொண்டு நின்றது. மூடி, பெல்ட், விசிறி, ரேடியேட்டர். பஞ்சாலை அடுப்படியிலிருந்தே வரிசை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவியைத் திருகினேன். ஒன்றும் கேட்கவில்லை. போச்சு என்று தலையைப் பிடித்துக்கொண்டேன். முத்தாயி அவள் வீட்டு வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, கிளம்ப மாட்டேங்குதா?"

"தெரியலம்மா. இறங்கிப் பாக்கணும்."

இறங்கிப் பார்த்தேன். விசிறி சுற்றுகிறது. கார் ஓடிக்கொண்டிருக்கிறது. காதை மூடியின் மேல் வைத்தால் பூனை தூங்குகிற மாதிரி ஒரு மூச்சு, அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் நான் எடுத்த காரியம் ஒன்று முடிந்திருக்கிறது. பஞ்சாலை வந்து பக்கத்தில் நின்று கேட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள். "ஒண்ணுமே கேக்கல." மனதாரச் சொன்னாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டீசல் இஞ்சினை நிறுத்தினேன். காதில் பள்ளம் விழுந்தது. ஏழு நாளாக மந்தின் பக்கம் போகவில்லை. கொரியாவில் என்ன ஆயிற்றோ, லோரி ஓட்டிகள் யாரை நம்பி இருக்கிறார்களோ. காரில் ஏறினேன். கோழி ஒன்றும் எழவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது, அவளைக் காணோம். ஆபீஸுக்குப் போயிருப்பாள். நாற்பத்தெட்டு வயதில், விசில் அடிக்க வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.

கேட்டருகே போனால் தடுப்பு கீழேயே இருக்கிறது. அதற்கு முன்னால் பால் வெட்டுப் பெண்கள் வாளியும் கையுமாக நீள வரிசையில் நிற்கிறார்கள். இந்த நேரத்துக்கு எல்லோரும் தீம்பாருக்குப் போயிருக்கவேண்டும். நான் வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. ஹார்ன் அடிக்க எனக்கு மனமில்லை. கடைசியில் நல்லசாமி தற்செயலாகத் திரும்பித் துள்ளி விழுந்தான்.

"அண்ணே, எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கல."

"கேக்காது," என்றேன் பெருமையாக. "தொறப்பா."

"முடியாதுண்ணே. இன்னையிலேருந்து புது உத்தரவு. அரிசி கடத்தறாங்களான்னு பொம்பளைங்கள சோதனை போடணுமாம். பொம்பளதான் போடணுமாம்."

"நான் பொம்பள இல்லியே."

"வண்டிங்களையும் சேத்து அவங்ககிட்டயே விட்டுட்டாங்க. காவலாளுங்க ஆள் கொறவு."

"எவங்ககிட்ட?"

காவல் கொட்டகையிலிருந்து ஒருத்தி வந்தாள். இடது கையில் காக்கித் துணியில் பட்டை. கொண்டையில் பென்சில். சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகியிருந்தாள். நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள் பஞ்சாலை.

"ஆபீஸ் கூட்டற வேலன்னு..."

"அப்புடின்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

"எங்க போறீங்கன்னு கேட்டேன். நல்லசாமி எழுதணும்."

"கார ஓட்டிப் பாக்கலாம்னு. கொஞ்ச தூரம்."

"கொஞ்ச தூரம்னு ஒரு ஊரு இல்ல. ஊரு பேரச் சொல்லுங்க. செனவாங்கா, நீலாயா?"

வரிசையில் இருந்த முத்தாயி குரல் கொடுத்தாள். "மந்தின்னு போடுங்கக்கா. எங்களுக்கு நேரமாவுது." வரிசை முழுக்கச் சிரித்தது. வாளிகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. என் கார் முன்பு போட்ட சத்தம் அந்தச் சிரிப்புக்குக் கால் தூசி.

பஞ்சாலை சிரிக்கவில்லை. ஜன்னலுக்குள் தலையை நீட்டி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"ராத்திரி பூரா நீங்க இஞ்சினோட இருக்கீங்க. பகல் பூரா பாயோட. நடுவுல ஒரு மணி நேரந்தான் நீங்க முழிச்சிருக்கற மனுசன். அத மந்தின்ல குடுத்துட்டு வரீங்க."

"வெறகு பொளக்கத்தானே நீ..."

"வெறகு நானே பொளந்துக்குவேன். கொரியாவுல என்னா நடக்குதுன்னு லோரிக்காரன் அத்தன பேருக்கும் தெரியும். ஒரு நாளு எனக்குச் சொல்லியிருக்கீங்களா?"

நான் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"வேலிக்கு வெளிய சுட்டாலும் சரி, நாய் கொலைச்சாலும் சரி, ராத்திரில நான் ஒத்தையாத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன். காலைல கார் சத்தம் கேட்டா, சரி, ஆளு எங்கியோ உசுரோட சுத்துதுன்னாவது தெரியும். அந்த சாமான மாத்தி அதையும் எடுக்கப் பாத்தீங்க. மறுநாளே நானா ஆபீஸுக்குப் போயி இந்த வேலயக் கேட்டேன்."

"அவங்க கூப்புடல?"

"யாரு கூப்புட்டா? நீங்க நட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்பவே பேசி முடிச்சிட்டேன். அப்பறம் சீக்கிரம் காரு முடியணுமேன்னுதான் பல்ல எண்ணிக் குடுத்தேன். திங்கக்கெழம நான் வேலைல சேரும்போது நீங்க கேட்டுக்கு வரணும்ல."

மடியில் ஏதோ விழுந்தது. தமிழ்ப் பேப்பர். அன்றைய பஸ்ஸில் வந்தது. கட்டுக்கூடப் பிரிக்கவில்லை.

"எனக்கு ஏழரைக்கு வேல முடியும். அடுப்புல தண்ணி இருக்கு. போயி ரெண்டு மங்கு கோப்பி கலக்கி வைங்க. நான் வரதுக்குள்ள படிச்சு முடிச்சிராதீங்க. மொதல்லேருந்து எனக்குப் படிச்சுக் காட்டணும்."

நிமிர்ந்து நின்றாள். வரிசைக்கு நேராகத் திரும்பி, மேலதிகாரி மாதிரிக் கையை ஆட்டினாள். "வண்டிய எடுங்க, பின்னால ஆளு நிக்குது. அடுத்தது யாரு?"

ரிவர்ஸ் கியரைப் போட்டேன். பின்னோக்கி உருட்டினேன். நல்லசாமி அனுதாபத்தோடு ஒரு சலாம் வைத்தான். நான் பார்க்காத மாதிரித் திருப்பினேன். ஏழு நாள் தூங்காமல் நான் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்லமுடியாது: நான் வீடு திரும்பியது ஒருவர் காதிலும் விழவில்லை.